மூன்று தரம் பிழைத்தால் வீடு

என்னுடைய அப்பா கனகலிங்கம், பீலெஃபெல்டில் ஒரு பெரிய சாமான் கிடங்கில் இருபத்தாறு வருடம் நூற்றி நாற்பது பேருக்கு வேலை நேரம் பிரித்துக் கொடுத்த மனிதர். ஆர் காலை, ஆர் இரவு, ஆருக்கு லீவு என்று நிறம் நிறமாகப் பெட்டி போடுவார். ஓய்வு எடுத்த கையோடு வாடகை வீட்டை விட்டார். படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளுக்கே இருக்கிற ஒரு வோன்மொபில் வண்டி வாங்கினார். இனிமேல் சீவியம் முழுக்க அதற்குள்தான், காற்றுப் போற பக்கம் போவோம் என்று அறிவித்தார். அடுத்த நாளே காற்றுக்கு ஒரு அட்டவணை போட்டார்.

7.10 எழும்புதல். 7.25 தேத்தண்ணி. 11.00 முதல் 11.20 வரை இயற்கையை ரசித்தல். இதெல்லாம் அவருடைய சொந்தக் கற்பனை. என்னுடையது ஒன்றே ஒன்றுதான். அவர் கணினியைத் திறந்தபடி விட்டுப் போன நேரம், 8.15க்கு “அம்மாவிடம் ஏச்சு வாங்குதல், ஐந்து நிமிடம்” என்று சேர்த்துவிட்டேன். மனிதர் பார்க்காமலே அச்சடித்து, லாமினேட் பண்ணி, சாரதி இருக்கைக்குப் பக்கத்தில் ஒட்டினார். லாமினேட் மெஷின் எங்களோடு வருகிறது. இட்லிச் சட்டிக்குத்தான் இடமில்லை. அட்டவணை முழுவதிலும் ஒருநாளும் பிந்தாமல் நடப்பது அந்த 8.15 மட்டும்தான்.

நான் மிதுஷா. வயது பதினெட்டு. முடி வெட்டுற கடையில் தொடங்கிய தொழிற்பயிற்சியை நாலாம் மாதத்தில் விட்டவள். ஆகையால் வண்டியில் நானும் ஒரு சாமான்.

அம்மா கமலாம்பிகை இந்தச் சுதந்திரத்துக்கு லேசில் சம்மதிக்கவில்லை.

“மூண்டு தரம் பாப்பன்,” என்றா. “நீங்கள் சொன்ன இடத்தில படுக்க ஏலாமல் மூண்டு தரம் தெருவில நிண்டால், நான் கொலோனில தம்பி வீட்டுக்குப் பக்கத்தில வீடு எடுப்பன். நீங்கள் இந்தத் தகரத்தோட எங்கயாவது போங்கோ.”

முதல் தரம் கணக்குப் பிழைத்தது அந்தத் தம்பி வீட்டிலேயே. தம்பித்துரை மாமாவைப் பார்க்க அப்பா ஒதுக்கியது இருபது நிமிடம். யாழ்ப்பாணத்தார் வீட்டில் இருபது நிமிடத்தில் செருப்புக் கழற்றலாம், அவ்வளவுதான். கோழிக்கறி, அடுத்த நாள் ஒடியல் கூழ், அதற்கடுத்த நாள் மிச்சக் கூழ் என்று முடித்துக்கொண்டு மோசல் ஆற்றங்கரைக்குப் போனால், பதிந்த இடம் போய்விட்டது. ஒரு சூப்பர்மார்க்கெட்டின் வண்டில்களுக்குப் பக்கத்தில் படுத்தோம். “ஒண்டு,” என்றா அம்மா.

இரண்டாவது, ஹார்ஸ் மலைப்பக்கம் ஒரு தாழ்வான பாலம். வண்டியின் உயரத்தைச் சரியாக எழுதி வைத்திருந்தார். கூரையில் தானே பூட்டிய சோலர் தகட்டை எழுதவில்லை. மூன்று கிலோமீட்டர் பின்பக்கமாக வந்தோம். பெற்றோல் நிலையத்தில் லொறிகளுக்கு நடுவில் அம்மா சொன்னா, “ரெண்டு.”

அதற்குப் பிறகு அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். இருபத்தாறு வருடமும் அவருக்கு இரவு வேலை. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் விடிய ஐந்து மணிக்குத் துப்புரவு வேலை. வாசலில் ஒருவர் சப்பாத்துக் கழற்ற மற்றவர் போடுவார், அதுதான் குடும்பம். நூற்றி நாற்பது பேருக்கு நேரம் பிரித்தவருக்கு இந்த இரண்டு பேரை ஒரே நேரத்தில் வீட்டில் இருத்தத் தெரியவில்லை. ஒருநாள் வண்டிச் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டு அந்தச் சில்லிடம் சொன்னார்: “இது போனால் பிறகு ஆளுக்கொரு அறையில இருந்து ரீவி பாக்க வேண்டியதுதான்.”

அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. மெக்லென்பூர்க்கில் ஏரிக்கரை முகாம், இடம் இலக்கம் இருபத்தேழு. மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை அமைதி நேரம் என்று அங்கே தடுப்புக் கம்பத்தை இறக்கிவிடுவார்கள். அப்பா 12.40க்குப் போய்ச் சேரத் திட்டம் போட்டிருந்தார். முந்தின முகாமில் புறப்படுகிற நேரம், தண்ணீர் நிரப்புகிற குழாயை நான் பகிடிக்கு ஒளித்து வைத்தேன். அதைத் தேடவே இருபது நிமிடம் போனது. கடைசியில் பக்கத்து வண்டிக்காரரின் குழாயை இரந்து நிரப்பிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மணி 1.04.

வாசல் அலுவலகக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அம்மையார் சலாட் சாப்பிட்டுக்கொண்டிருந்தா. அப்பா கெஞ்சினார். அவ முள்ளுக்கரண்டியால் நேரப் பலகையைக் காட்டினா. பிறகு மூன்று விரல். மூன்று மணிக்கு வா.

“மூண்டு மணிக்குத் திறந்தால் போதும். நாலு மணிவரைக்கும் இடத்தை வைச்சிருப்பினம்,” என்றார் அப்பா.

அம்மா நாட்காட்டியைப் பார்த்தா. “செவ்வாய். மூண்டிலயிருந்து நாலரை ராகு காலம். புது இடத்துக்குள்ள நான் கால் வைக்கமாட்டன்.”

டீசல், காற்று வேகம், காஸ் போத்தல் எல்லாம் கணக்குப் பார்த்தவர் ராகுவைப் பார்க்கவில்லை. 12.40க்கு உள்ளே போகிறவனுக்கு ராகு எதற்கு?

“ராகுவுக்கு ஜெர்மனி நேரம் தெரியுமோ அம்மா?” என்று கேட்டேன்.

“வாயை மூடடி.”

“நீர் காலை வைக்க வேண்டாம்,” என்றார் அப்பா. “காலைத் தூக்கிச் சீற்றில வைச்சுக்கொண்டு இரும். நான் ஓட்டிக்கொண்டு போறன்.”

“சில்லு ஆரின்ர கால்?”

கம்பம் மூன்றுக்கு எழும்பியது. நாங்கள் எதிரே தெருவோரத்தில் நின்று அதன் அழகை ரசித்தோம். நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு ஒரு ஒல்லாந்துக்காரக் குடும்பம் உள்ளே போய் இருபத்தேழில் கதிரை விரித்தது.

அம்மா வாயைத் திறந்தா. அப்பா ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, குழாயை ஒளிச்சது நான்தான்,” என்றேன். “அது இல்லாட்டி ஒரு மணிக்கு முன்னமே உள்ளுக்கு நிண்டிருப்பம். இது அப்பான்ர பிழையில்லை. எண்ணாதேங்கோ.”

போலி மருத்துவச் சான்றிதழ் கொடுத்த தொழிலாளியைப் பார்க்கிற மாதிரி அப்பா என்னைப் பார்த்தார்.

“குழாய் எங்க?” என்றா அம்மா.

“என்ர படுக்கைப் பைக்குள்ள.”

“மூதேசி. ஈரக் குழாயை அதுக்குள்ள வைப்பினமே?” பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினா. “ராகு காலத்தில ஒண்டும் முடிவெடுக்கக் கூடாது. நாலரைக்குச் சொல்லுறன்.”

இருபத்தைந்து நிமிடம். தீர்ப்புக்குக் காத்திருக்கிற நேரத்துக்கு அப்பாவின் அட்டவணையில் பெட்டி இல்லை.

நாலரைக்கு அம்மா எழும்பினா. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கி, வளைவிலிருந்த பண்ணை வீட்டுக்கு நடந்தா. ஆஸ்பத்திரி நடைபாதையில் பழகின ஜெர்மன், இலக்கணம் கொஞ்சம், சத்தம் நிறைய. எங்களுக்கே கேட்டது. பண்ணைக்காரி முதலில் ஏலாது என்று தலையை ஆட்டினா, பிறகு தன் முழங்காலைக் காட்டினா, அம்மா தன்னுடையதைக் காட்டினா. முழங்கால் மாநாடு முடிந்து திரும்பி வந்தா.

“அந்த அப்பிள் மரத்துக்குக் கீழ விடலாமாம். வியாழன் வரைக்கும் நிப்பம் எண்டு சொல்லிப்போட்டன்.”

“நாளைக்கு வேற இடம் பதிஞ்சிருக்கு,” என்றார் அப்பா.

“ரத்துச் செய்யுங்கோ.”

“அப்ப இது மூண்டாவதோ?” என்று கேட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனிதர். காலில் மிதித்தேன்.

“படுக்க இடம் இருக்கெல்லோ? பிறகென்ன மூண்டு.”

“இடம் பிடிச்சது நீரெல்லோ.”

“ஓம். இனிமேலும் பாதி நான் பிடிப்பன். நீங்கள் வண்டியை ஓட்டுங்கோ.”

அப்பா வண்டியைப் பின்பக்கமாக மரத்தடிக்கு விட்டார். நான் பின்னால் நின்று கை காட்டினேன். முதல் தரமே நேராக நின்றது. அப்படியிருந்தும் மனிதர் இறங்கவில்லை. முன்னுக்கும் பின்னுக்குமாக இன்னும் இரண்டு தரம் ஓட்டினார். பக்கக் கண்ணாடியில் அவர் கண்ணைத் துடைப்பது தெரிந்தது. அம்மா கிட்ட வரப் பார்த்தா.

“நில்லுங்கோ அம்மா,” என்றேன், “இன்னும் கொஞ்சம் கோணலாத்தான் நிக்குது.”