கால்சியம் ஊசியும் ஒரு குவளை வெந்நீரும்

மருந்துக் கம்பெனியில் புகார்களைக் கவனிக்கும் கெமிஸ்ட் என்பவன், யாரோ தயாரித்த மருந்துக்காக யாரிடமோ போய்த் தலைகுனிந்துவிட்டு வருபவன். அப்படித் தலைகுனிந்து கழுத்து வலி கண்ட சகோதரர்களே, இது உங்களுக்குத்தான்.

தொண்ணூறுகளில் டெல்லியில் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். எங்கள் பிழைப்பே கால்சியம் குளுக்கோனேட் ஊசிதான். அந்த உப்பு தண்ணீரில் லேசில் கரையாது. தண்ணீர் தாங்குவதைவிடக் கூடுதலாகக் கரைத்து, அது கீழே படியாமல் இருக்க சர்க்கரையிலிருந்தே வரும் இன்னொரு அமிலத்தின் கால்சியம் உப்பையும் கொஞ்சம் சேர்ப்போம். சென்னையில் அது சமர்த்தாக இருக்கும். டெல்லி ஜனவரியில் ஊசிமருந்துக் குப்பிக்குள் பளபளவென்று படிகம் கட்டிவிடும். "உள்ளே கண்ணாடித் தூள்!" என்று போன் வரும். நான் போய் வெந்நீரில் போட்டு, கரைத்துக் காட்டிவிட்டு வரவேண்டும். ஒரு குளிர்காலத்தில் கஸ்டமர்கள் வரிசையாகக் கழன்றுகொள்ள, முதலாளி என்னைக் கூப்பிட்டு, இன்னும் ஒரு பெரிய கஸ்டமர் போனால் நீயும் கூடவே போகலாம் என்று சொல்லிவிட்டார்.

வித்தை காட்டினேன்

ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கம் ஒரு மருந்துக்கடை. கடைக்காரர் சர்தார்ஜி பெட்டியைத் திறந்து, குப்பிகளை ஆட்டிக் காட்டினார். "இதோ பாருங்கள்" என்று பக்கத்து டீக்கடையிலிருந்து ஒரு சட்டி வெந்நீர் வாங்கி, பெட்டியில் இருந்த அத்தனையையும் கவிழ்த்தேன். படிகம் கரைந்தது. கூட்டம் கூடிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம்தான் கவனித்தேன், காகித லேபிள்களும் பசை விட்டு மேலே மிதந்துகொண்டிருந்தன. பெயரில்லாத மருந்தை யார் வாங்குவார்கள்? சட்டிக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாக லேபிளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். சர்தார்ஜி ஹிந்தியில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "பையா, முதல்ல மருந்துக்குள்ளே என்ன இருக்குன்னுதான் சந்தேகம். இப்போ மருந்தே எதுன்னு சந்தேகம்."

மாடியில் பாடம் எடுத்தேன்

கரோல் பாக்கில் நான் குடியிருந்த வீட்டின் மேல்மாடியில் ஒரு மாமி. சர்க்கரை வியாதிக்காரர். மூட்டுவலிக்கு டாக்டர் கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். வெயில் காய மொட்டைமாடிக்கு வந்தவர், "இதை எதுலேர்ந்துடா பண்றா?" என்று கேட்டார். கேட்க ஆள் கிடைத்தால் விடுவேனா? குளுக்கோஸைப் புளிக்கவைத்து அமிலமாக்குவது, அதில் சுண்ணாம்பைச் சேர்ப்பது, உப்பு படிவது என்று விலாவாரியாகச் சொன்னேன். மாமி காதில் குளுக்கோஸ் மட்டும்தான் ஏறியது. அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டார். கோல் மார்க்கெட்டிலிருந்த தங்கையையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

சர்க்கரை அமிலமான பிறகு அது சர்க்கரையே இல்லை என்று நான் ஓடிப்போய் விளக்கியதற்குப் பலனில்லை. மாமா மாத்திரை பாட்டிலோடு கீழே இறங்கி வந்தார். "அம்பி, நீ ஆபீஸ்ல என்ன வேணா கலக்கு. எங்காத்துல கலக்காதே."

சிரித்தேன்

ஒரு ஆஸ்பத்திரியில் எங்கள் ஊசி பாலாகத் திரிந்துவிட்டது என்று புகார். போய்ப் பார்த்தால், சோடா பைகார்பனேட்டோடு ஒரே பாட்டிலில் கலந்திருக்கிறார்கள். கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்தால் சுண்ணாம்புதான். "சாக்பீஸ் செய்திருக்கிறீர்களே!" என்று சிரித்துவிட்டேன். கலந்த நர்ஸ் கோட்டயத்துப் பெண். முகம் சிவந்து, எங்கள் பெட்டியை என் முன்னால் தலைகீழாகக் கொட்டினார். எதனோடு கலக்கக்கூடாது என்று சொல்லும் துண்டுக் காகிதம் உள்ளே இல்லை. காகிதத்தை மிச்சம் பிடித்தது எங்கள் கம்பெனிதான். "சார் சிரிச்சு முடிச்சாச்சா? எங்களுக்கு இது அப்போ தெரிஞ்சிருந்தா, கலக்கியிருக்க மாட்டோமே."

தாராளமாகப் போடுங்கள் என்றேன்

மிச்சமிருந்த ஒரே பெரிய கஸ்டமர் கரோல் பாக்கிலேயே ஒரு நர்ஸிங் ஹோம். நடத்தியவர் கோயம்புத்தூர்க்கார டாக்டரம்மா. அங்கிருந்தும் போன் வந்தது. வழியெல்லாம் முதலாளி முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

நான் பையைத் திறப்பதற்குள் ஒரு சிஸ்டர் ஓடிவந்தார். தைராய்டு ஆபரேஷன் செய்த பெண்ணுக்கு ரத்தத்தில் கால்சியம் இறங்கி, விரல்கள் மடங்கி இழுக்கின்றனவாம். கையிருப்பில் எங்கள் ஊசி மட்டும்தான். எல்லாவற்றிலும் படிகம். டாக்டரம்மா ஒரு குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "வெறும் படிகம்தான் டாக்டர். உடம்புச் சூட்டிலேயே கரைஞ்சிடும், தாராளமாப் போடுங்க" என்றேன். படிகத்தோடு போடக்கூடாது என்பது எனக்கே தெரியும். வேலை போய்விடும் என்ற பயம் என்னை அப்படிப் பேசவைத்தது.

நல்லவேளை, அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குப்பிகளை வெந்நீரில் வைக்கச் சொன்னார். கரைந்தன. ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்து, முதல் குப்பியைத் தனியே வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனார். மருந்து மெல்ல மெல்ல ஏற ஏற அந்தப் பெண்ணின் விரல்கள் பிரிவதை வாசலில் நின்று பார்த்தேன்.

திரும்பி வந்தவர் ஒதுக்கிவைத்த குப்பியை என் கையில் கொடுத்தார். தெளிந்த மருந்துக்கு அடியில் ஒரு சில்லு. மறுபடி வெந்நீரில் வைத்தேன், ஆட்டினேன், உள்ளங்கையில் உருட்டினேன். அது அப்படியே இருந்தது. கண்ணாடியேதான். அந்தப் பெண்ணின் அம்மா, மருந்துக் கம்பெனிக்காரன் என்று கேள்விப்பட்டு, என்னைப் பார்த்துக் கைகூப்பியபோது பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. டாக்டரம்மா குரலை உயர்த்தவே இல்லை. "நீங்க சொன்னதெல்லாம் கரைஞ்சு போச்சுங்க சார். இது மட்டும் கரையலைங்க."

எத்தனையோ குளிர்காலம் புகார்கள் எல்லாம் தப்பு என்று நிரூபித்தே சம்பளம் வாங்கியிருக்கிறேன். எங்கள் மருந்தில் நிஜமாகவே இருந்த ஒரு குறையைக் கண்டுபிடிக்க மட்டும் புகார் கொடுத்தவரே தேவைப்பட்டார்.