மாடி அறை பாசஞ்சர்

எங்கள் ஊருக்கு ரயில் வரப்போகிறது என்று நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். ரயில் ஏற வேண்டுமென்றால் கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலத்துக்குப் பஸ் பிடிக்க வேண்டும். பாதை போடும் வேலை ஒருவழியாக ஆரம்பமான பிறகும் எனக்குப் பொறுமை இல்லை. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு மாதமே, மாடி அறையில் கிடந்த பழைய கட்டிலை இறக்கிவிட்டு, தச்சு வேலை செய்பவரை வரவழைத்து, அறை நிறைய ஒரு மேடை போடச் சொன்னேன். "இன்னா டீச்சரம்மா, பந்தி போடப் போறீங்களா?" என்று கேட்டார். ரயில் விடப்போகிறேன் என்றேன். சிரிக்காமல் அளவெடுத்தார். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

வயதான காலத்தில் இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று என் கணவர் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கிறுக்குதான், ஆனால் பழைய கிறுக்கு. என் அப்பா மீட்டர்கேஜ் காலத்தில், விருத்தாசலத்துக்கும் சேலத்துக்கும் நடுவே ஒரு சின்ன ஸ்டேஷனில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தார். நானும் என்னைவிட இரண்டு வயது மூத்த அண்ணனும் அந்தக் குவார்ட்டர்ஸில்தான் வளர்ந்தோம். நாளொன்றுக்கு வந்துபோகிற வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற நேரமெல்லாம் கோடியில் நின்ற வேப்ப மரம் வரை பிளாட்பாரம் எங்களுடையது. வடக்கே கல்வராயன் மலை நீலமாகக் கிடக்கும். மேகம் மூடி மலை காணாமல் போகிற நாட்களில், "இன்னைக்கு மலைக்கு லீவு" என்பான் அண்ணன். பிறகு அகலப் பாதை வந்தது. ஸ்டேஷன், குவார்ட்டர்ஸ், சிக்னல் இழுக்கிற லெவர் ரூம் எல்லாவற்றையும் இடித்து எடுத்துவிட்டார்கள். ஒரு போட்டோகூட எங்களிடம் இல்லை. அந்த ஸ்டேஷன் மிச்சமிருந்தது எங்கள் இரண்டு பேர் தலைக்குள் மட்டும்தான்.

அதைத்தான் மேடைமேல் கட்டப்போனேன். முதல் நாள் அண்ணன் சங்கராபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து, பிளைவுட்டின் மேல் சாக்பீஸால் பிளாட்பாரத்தை வரைந்து கொடுத்தான். தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கோடெல்லாம் நிலம் அளந்து போடுகிற புலப்படம் போல நேராக இருந்தது. அதற்குப் பிறகு நான் அவனை மாடிக்கு விடவில்லை. எல்லாம் முடிந்து வண்டி நிற்காமல் ஓடும்போதுதான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். நான் அறிவியல் டீச்சர். படத்தில் ஒரு கோடு கோணலாக இருந்தாலும் ரெக்கார்டு நோட்டைத் திருப்பித் தருகிற ரகம். அரைகுறையாக எதையும் யாருக்கும் காட்டிப் பழக்கமில்லை.

தண்டவாளமும் எஞ்சினும் பார்சலில் வந்தன. நான்கு பெட்டிகள் வாங்கி, பழைய பாசஞ்சர் வண்டியின் செங்கல் சிவப்பை நானே அடித்தேன். சலித்த மண்ணும், காயவைத்த டீத்தூளும் போட்டுத் தரையும், வடக்கு ஓரத்தில் மலையும் செய்தேன். வடக்கனந்தலில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. கரும்பும் மரவள்ளியும் பார்த்துவிட்டு மாலையில் திரும்புகிற என் கணவர், கிறுக்கு என்று சொன்ன வாயாலேயே, "வெள்ளிமலை ரோடு மாதிரி வளைஞ்சி வளைஞ்சி ஒண்ணு வெய்யேன்" என்று யோசனை சொல்ல ஆரம்பித்தார். ஸ்டேஷனிலிருந்து அந்த ரோடு தெரியாது என்று சொல்லி மறுத்துவிட்டேன்.

வண்டி ஓடவில்லை. இந்த ஒரு வாக்கியத்தில் என் மூன்று வருஷமும் அடங்கிவிடும். மின்சாரம் கொடுக்கிற குமிழ்ப் பெட்டிக்குப் பக்கத்தில் பாய்ந்து போகிற எஞ்சின், மேடையின் மறுகோடியில் மூச்சுவாங்கும். தண்டவாளத் துண்டுகளை இணைக்கிற தகடுகள் தளர்ந்திருந்தன. அதைச் சரிசெய்தால் வளைவில் தடம் புரளும். வளைவைச் சரிசெய்தால் பிளாட்பாரத்துக்கு நடுவில் நின்றுவிடும். ஒரு தடவை நான் ஊரில் இல்லாதபோது ஆயுத பூஜை வந்தது. திரும்பி வந்து குமிழைத் திருப்பினால், வண்டி ஒரு அடி போய் நிற்கிறது, உதறுகிறது, நிற்கிறது. நான்கு நாள் மல்டிமீட்டரும் கையுமாக ஒயர் ஒயராகச் சோதித்தேன். ஐந்தாம் நாள் தண்டவாளத்தைத் தடவிய விரலை எதற்கோ மூக்கருகே கொண்டுபோனேன். சந்தனம் மணத்தது.

"மோட்டாருக்கு வெச்சேன், டிராக்டருக்கு வெச்சேன். இது மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சு?" என்றார் என் கணவர். சாண் சாணாகத் தண்டவாளம் முழுக்கச் சந்தனமும் குங்குமமும் வைத்து, மறுநாள் நான் திட்டுவேன் என்று பயந்து ஈரத்துணியால் துடைத்தும் வைத்திருக்கிறார். துடைத்ததில் சந்தனம் சீராகப் பரவி, மின்சாரம் ஏறாத ஒரு பூச்சாகக் காய்ந்திருந்தது. அன்றைக்கு நான் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். இன்றைக்கு நினைத்தால் அந்தச் சந்தன வாசனைக்காகவே அந்த நாட்கள் திரும்பி வராதா என்று இருக்கிறது.

அண்ணன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் செய்வான். "ஓடிச்சா?"

"இன்னும் இல்லண்ணே."

"நிக்கற வண்டியையாவது வந்து பாத்துட்டுப் போறனே."

"ஒண்ணும் வேணாம். முடியட்டும்."

நடுவில் ஒரு ஞாயிறு, "கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்குது, சுகர் ஜாஸ்தியாம்" என்றான். மாத்திரையை ஒழுங்காகப் போடு என்று சொல்லிவிட்டு, ஈயம் உருகிக்கொண்டிருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. எழுதித்தான் ஆக வேண்டும்.

கடைசியில் தகடுகளை நம்புவதையே விட்டேன். எல்லா இணைப்புகளிலும் ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேடு பள்ளம் இல்லாமல் அரத்தால் ராவினேன். அதிர்வு தெரியாமல் இருக்க அடியில் ஸ்பான்ஜ் பட்டை கொடுத்தேன். ஒரு நாள் காலையில் வண்டி இருபது சுற்று சுற்றியது. நிற்கவில்லை, புரளவில்லை. சங்கராபுரத்துக்குப் போன் போட்டேன். அண்ணிதான் எடுத்தார்.

"அவரு இப்ப ஸ்கூட்டர் எடுக்கறதில்லம்மா. ரெண்டு கண்ணுலயும் ரத்தம் கசிஞ்சி போச்சி. ஊசி போட்டும் ஒண்ணும் தேறல. மூணு மாசம் ஆவுது. தங்கச்சி ஆசையா வேல செஞ்சிக்கினு இருக்குது, சொல்லாதன்னு சொல்லிட்டாரு."

அடுத்த ஞாயிறு அண்ணி அவனைப் பஸ்ஸில் அழைத்து வந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தவன், மேடையின் விளிம்பைத் தொட்டதும் நின்றான். பிறகு விரல்களால் நடக்க ஆரம்பித்தான். பிளாட்பாரம், டிக்கெட் ஜன்னல், லெவர் ரூம். யாராவது தொட்டால் கையைத் தட்டிவிடுகிற நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சிக்னல் கம்பம் ஒன்று அவன் கைபட்டு முறிந்தது. சொல்லவில்லை. அவனை நாற்காலியில் உட்காரவைத்து வண்டியை விட்டேன். செங்கல் சிவப்புப் பெட்டிகள் பிளாட்பாரத்தைத் தாண்டி, வளைவில் திரும்பி, மலைக்கு முன்னால் போய், மறுபடி பிளாட்பாரத்துக்கு வந்தன. மூன்று சுற்று ஆகியிருக்கும்.

"வுடு, பாக்கலாம்" என்றான் அண்ணன்.

"ஓடிக்கினுதாண்ணே இருக்குது."

"அப்படியா?" என்று முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினான். "சத்தமே காணமே."

அவர்கள் பஸ் ஏறிப் போன பிறகு மாடிக்குப் போய், மேடைக்கு அடியில் தரையில் உட்கார்ந்து அழுதேன். நின்று நின்று, தடம் புரண்டு, கடகடத்து ஓடிய ஆயிரம் நாட்களில் ஏதாவது ஒரு நாள் அவனைக் கூப்பிட்டிருக்கலாம். அவன் பார்த்திருப்பான்.

மறுநாள் மெல்லிய ரம்பத்தை எடுத்தேன். வெயிலில் இரும்பு நீளும், அதற்காகத்தான் தண்டவாளங்களுக்கு நடுவில் இடைவெளி விடுகிறார்கள், சக்கரம் அதைத் தாண்டும்போதுதான் அந்தச் சத்தம். எத்தனை வருஷம் இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன்! ஒரு சாணுக்கு ஓர் இடம் என்று தண்டவாளத்தை அறுத்தேன். அடியில் இருந்த ஸ்பான்ஜை உரித்து, வெறும் பலகையில் ஆணி அடித்தேன். அறுத்த இடமெல்லாம் மின்சாரமும் அறுந்துபோகும் என்பதால், ஒவ்வொரு துண்டுக்கும் பலகைக்கு அடியிலிருந்து தனித்தனியாக ஒயர் இழுக்க வேண்டியிருந்தது. என் கணவர் நிலத்துக்குப் போகாமல் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் படுத்திருந்தார். "ஓடறத ஏம்மா கெடுக்கற?" என்று ஒரு தடவை கேட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு டார்ச்சைக் கிட்டே நகர்த்திப் பிடித்தார்.

இரண்டு வாரம் கழித்து அண்ணன் வந்தான். வரும் வழியிலேயே அண்ணியிடம் ஏதோ கோபம் போல, நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தான். நான் குமிழைத் திருப்பினேன். தடக் தடக், தடக் தடக் என்று பலகை முழுக்க அதிர்ந்தது. அவன் கை தானாக நாற்காலியை விட்டு எழுந்தது. வண்டி போகிற பக்கமெல்லாம் அவன் முகம் பின்னாலேயே போனது.

"அஞ்சு பொட்டி" என்றான்.

நான்குதான். தப்பு என்று சொல்ல வாய் வரை வந்தது. அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தேன். "ஆமாண்ணே, அஞ்சு" என்றேன்.

முகம் அப்படியே சுருங்கிவிட்டது. "நாலுதான். எனக்குத் தெரியாதா? சத்தத்த எண்ணிக்கினுதான இருக்கேன்" என்றான். "நீ திருத்துறியான்னு பாத்தேன். கண்ணுதான் போச்சி. நீயும் என்னப் பாவம் பாக்க ஆரம்பிச்சன்னா இங்க வந்தும் எனக்கு வேலையில்ல."

அண்ணியிடம் ஏன் கோபம் என்று இப்போது புரிந்தது. வீட்டில் எல்லோரும் அவன் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு எங்கிருந்தோ ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "நீ மட்டும் இன்னா யோக்கியம்? மூணு மாசம் என்கிட்ட மறைச்ச இல்ல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஓடாத வண்டியையே தூக்கினு சங்கராபுரம் வந்திருப்பேன்!" என்று கத்தினேன். கத்திக்கொண்டே அழுதேன். "உன் பிளாட்பாரமும் தப்பு. சாக்பீஸ்ல நீ போட்டது நாலு விரக்கட நீளம் ஜாஸ்தி. நான் வெட்டிச் சின்னதாக்கி வெச்சிருக்கேன்."

"எவ சொன்னா ஜாஸ்தின்னு?" என்று அவனும் எழுந்துவிட்டான். "கடைசி பொட்டி வேப்ப மரத்துக்கு நேரா நிக்கும். அளந்துதான் போட்டேன். கைய எங்க வெக்கணும், காட்டு." அவன் கையைப் பிடித்து பிளாட்பாரத்தின் நுனியில் வைத்தேன். அவன் சாண் போட்டு அளக்க ஆரம்பித்தான். நான் தப்பு தப்பு என்று சொல்லிக்கொண்டே நின்றேன். கீழேயிருந்து அண்ணி, இன்னா சண்டை அங்க, சாப்பிட வாங்க என்று இரண்டு தடவை கூப்பிட்டார். அண்ணன் நுனிக்கே திரும்பி, முதல் சாணிலிருந்து மறுபடி அளந்தான்.