படிவத்தில் இல்லாத கேள்வி

புதுச்சேரியில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அரசுத் திட்டங்கள் ஊர்களுக்குப் போய்ச் சேர்கின்றனவா என்று வீடு வீடாகக் கேட்டு அறிக்கை எழுதுவோம். பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து முழுக்க ஸ்கூட்டரிலேயே சுற்றியிருக்கிறேன்.

கிருமாம்பாக்கத்துக்கு மேற்கே ஒரு சிற்றூர். கரும்பு வெட்டப் போகும் ஒரு பெண்மணி படிவத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். துணை சுகாதார நிலையம் எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

“தோ, எதிர்லதான் சார். கட்டடம் கீது, நர்சம்மாதான் வர்றதில்ல. எப்பவும் பூட்டித்தான் கெடக்குது.”

படிவத்தில் தூரத்துக்கு மட்டுமே கட்டம் இருந்தது. ‘அரை கிலோமீட்டருக்குள்’ என்பதில் டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். எங்கள் அறிக்கையில் அது மருத்துவ வசதி உள்ள ஊர்.

மறு ஆண்டு அதே படிவத்தோடு போனபோது அவர் இல்லை. வெட்டு நடக்கும்போது கரும்புக் கொல்லையில் பாம்பு கடித்திருக்கிறது. நல்ல பகல். இன்றைக்காவது திறந்திருக்காதா என்று கணவர் தூக்கிக்கொண்டு முதலில் அங்கேதான் ஓடியிருக்கிறார். கதவைத் தட்டி, கத்தி, பிறகு வண்டி தேடி, கடலூர் சாலையை எட்டுவதற்குள் மனைவிக்குப் பேச்சு நின்றுவிட்டது. இதையெல்லாம் கணவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார். நான் பேனாவைத் திறக்கவில்லை.

நிலையம் திறந்திருக்கிறதா என்று படிவத்தில் ஒரு கேள்வி சேர்க்க வேண்டும் என்று இயக்குநரிடம் கேட்டேன்.

“வருத்தமான விஷயம்தான். ஆனா ஒரு சாவ வச்சி சர்வே டூலை மாத்த முடியாதுங்க,” என்றார்.

மூன்று மாதத்தில் வேலையை விட்டு ஒரு தமிழ் நாளிதழின் நடுப்பக்கத்தில் கட்டுரை எழுதச் சேர்ந்தேன். முதல் கட்டுரை அந்தப் பூட்டைப் பற்றியது. ஆறு முறை திருத்தி எழுதினேன். வெளிவந்த அன்றே பத்திரிகையோடு கணவரைத் தேடிப் போனேன். அவர் வாசலில் நின்றபடியே எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தார்.

“நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. இத்தயே அவ உசுரோட சொன்னப்ப எழுதியிருந்தா இன்னா சார்?”

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பத்திரிகையை நாலாக மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

கட்டுரைக்குப் பிறகு ஒரு நர்ஸ் வந்தார். சில வாரம் தினமும். பிறகு வாரத்தில் இரண்டு நாள் காலையில் மட்டும். கணவர் கரும்பு வேலையை விட்டு மதகடிப்பட்டில் தங்கை வீட்டோடு போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

நான் இன்னும் வாரா வாரம் எழுதுகிறேன். நடை நன்றாக இருப்பதாக வாசகர்கள் கடிதம் போடுகிறார்கள். அந்த ஊர் வழியாகப் போகும் பஸ்ஸில் மட்டும் ஏறுவதில்லை.