மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர்

டோல்கேட் பக்கத்தில் நான் பிரவுசிங் சென்டர் நடத்திய காலத்தில், இதழியல் படிக்கும் ஒரு பெண் எர்ணாவூரிலிருந்து வருவாள். எப்போதும் மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில்தான் உட்காருவாள். மெலிந்த கையில் ஆண்கள் கட்டும் பெரிய வாட்ச். டைப் அடிக்கும்போது அது மணிக்கட்டுக்கு வழுக்கி வரும். வரிக்கு ஒருதரம் மேலே ஏற்றிவிட்டுக்கொள்வாள்.

தான் எழுதியதையெல்லாம் போட ஒரு வெப்சைட் செய்துகொண்டிருந்தாள். முதல் பக்கத்தில், கம்பெனி டேங்க் கழுவ இறங்கிச் செத்துப்போன அவள் அண்ணனைப் பற்றிய கட்டுரை. தலைப்பே அவன் பெயர்தான்.

"பேப்பர்ல 'தொழிலாளி ஒருவர் பலி'ன்னு போட்டாங்கண்ணா. பேரு போடல," என்றாள்.

பக்கம் தயாரான அன்று சிரித்தாள். தமிழ் ஃபாண்டை அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் ஏற்றியிருந்தேன். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் அந்தப் பக்கத்தைப் படிக்க முடியாது. அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறுவாரம் வந்தாள். "காலேஜ்ல எல்லாருக்கும் தொறந்து காட்னேண்ணா. ஒரே கிறுக்கலா கீது. ஒங்க கடையில மட்டுந்தான் எங்கண்ணன் பேரு தெரியுது."

யாரையாவது கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவள் வாட்சை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்து, அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துவிட்டுப் போனாள். பிறகு வரவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

கடையை மூடியபோது கம்ப்யூட்டர்களை விற்றேன். வாங்க வந்தவர், "உள்ள எதுனா வேணுமா, இல்ல அழிச்சிடவா?" என்று கேட்டார்.

மூன்றாம் நம்பரைப் பார்த்தேன்.

"ஒண்ணும் இல்ல. அழிச்சிடுங்க," என்றேன்.