ஸ்டோர் மாடியில் புண்ணாக்கு

ராகலை பஸ் நிற்கும் இடத்திலிருந்து மரக்கறி லொறிகளைத் தாண்டி நாலு கடை தள்ளி நடந்தால், ஐவியின் தீவனக் கடை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். தேங்காய்ப் புண்ணாக்கின் வாசனை அப்படி. பிடிக்காதவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போகட்டும், ஐவிக்கு அதைப் பற்றிக் கவலையே கிடையாது. வருசக் கணக்கில் கொழுந்துக் கூடை சுமந்த முதுகு இப்போது நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சுகத்தைக் கொடுத்தது புண்ணாக்குதான்.

மாடு வளர்ப்பவர்கள் கடைக்கு வந்தால் இரண்டு கேள்விதான் கேட்பார்கள். இன்றைக்கு என்ன விலை? ஏன் கூடிவிட்டது? முதல் கேள்விக்கு எல்லாக் கடைக்காரர்களும் பதில் சொல்வார்கள். இரண்டாவதற்கு ஊர் முழுக்க ஒரே பதில்: "மேல கூடிருச்சு." மேலே என்றால் எங்கே? கொழும்பிலா, வானத்திலா? கேட்டால் கையை விரித்துவிடுவார்கள். ஐவி ஒருத்திதான் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, காரணம் சொல்லி அனுப்புவாள். சில பேருக்கு அந்தக் காரணத்தைக் கேட்டு முடிப்பதற்குள் பஸ் போய்விடும் என்பது வேறு கதை.

அவள் இப்படி ஆனதற்குப் பின்னால் ஒரு மாடு இருக்கிறது. பெயர் சிவப்பி. டொலர் இல்லாமல் நாடே திண்டாடிய அந்தப் பொல்லாத வருசத்தில், புண்ணாக்கு விலை கண்டபடி ஏறியது. தேயிலைத் தோட்டத்து லயவீட்டுத் தொழுவத்தில் சிவப்பி எலும்பும் தோலுமாக நின்றது. பால் வற்றியது. தேங்காய் அப்படியேதானே இருக்கிறது, அப்புறம் புண்ணாக்கு மட்டும் ஏன் இப்படி என்று ஐவி கடை கடையாகக் கேட்டாள். மேல கூடிருச்சு, மேல கூடிருச்சு. கடைசியில் ஒரு நாள் சிவப்பியைக் கயிற்றோடு தரகரின் கையில் கொடுத்தாள். அது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. அன்றைக்கு அழுதது போல ஐவி சொந்த அப்பா செத்தபோதும் அழவில்லை.

பிறகுதான் அக்காள் மகன் றொக்சன் விசயத்தைச் சொன்னான். அவன் துறைமுகத்திலிருந்து தீவன ஆலைகளுக்குச் சரக்கு ஏற்றும் லொறி ஓட்டுகிறான். கோழித் தீனியில் சத்துக்குச் சேர்ப்பது சோயாப் புண்ணாக்கு. அது கப்பலில் வருகிற சாமான். டொலர் இல்லையென்றால் கப்பல் இல்லை. கப்பல் இல்லையென்றால் தீவன ஆலைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? மாட்டுக்குப் போகிற தேங்காய்ப் புண்ணாக்கையும் வளைத்துப் போட்டுக்கொள்வார்கள். எங்கேயோ ஒரு கோழிக்குத் தீனி இல்லாமல் போனதற்குத் தன் சிவப்பி பட்டினி கிடந்தது என்று தெரிந்தபோது ஐவிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தில் வைத்த கடைதான் இது.

அன்றிலிருந்து ஞாயிறு பூசை முடிந்ததும் றொக்சனுக்கு ஒரு போன் கோல் போகும். டொலர் என்ன செய்கிறது, துறைமுகத்தில் கப்பல் நிற்கிறதா, சோயா விளைகிற தேசத்தில் மழை பெய்ததா. மற்றப் பெண்கள் போனில் நாடகம் பார்க்கும் நேரத்தில் இவள் பிரேசிலின் வானிலை பார்ப்பாள். அங்கே வயல் காய்ந்தால் இங்கே ராகலையில் மூட்டை விலை ஏறும் என்பது அவளுக்குக் கைரேகை போல. பக்கத்துக் காம்பரா வீட்டு ராக்காயிக்கு இதில் சிரிப்பு தாங்காது.

"என்னாடி, பிரேசில்ல மாப்பிள்ள பாத்திருக்கியா? றோலண்டு அண்ணனுக்குத் தெரியுமா?" என்பாள்.

றோலண்ட் ஐவியின் புருசன். வெற்றிலை போடுவதற்கு மட்டும் வாய் திறக்கிறவர். அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

போன கார்த்திகையில்தான் பெரிய சிக்கல் வந்தது.

தோட்டத்துப் பால் சங்கத்துக்குத் தலைவர் பொன்னையா. நல்ல மனுசன், வாக்குத் தவறாதவர், கோயில் கமிட்டியிலும் அவர்தான் முன்னுக்கு நிற்பார். கார்த்திகைத் தீபத்துக்கு வருசா வருசம் மூட்டை மூட்டையாகத் தேங்காய் வாங்கி வருவதும் அவர்தான். அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. கோயிலுக்கு வாங்குகிற தேங்காயின் விலையை வைத்துத்தான் புண்ணாக்கின் விலையைக் கணிப்பார்கள். தேங்காய் இறங்கினால் கொஞ்ச நாளில் புண்ணாக்கும் இறங்கும், அதுவரைக்கும் பொறுத்திருக்க வேண்டும். சாமி காரியத்தில் பார்த்த விலை பொய்யாகாது என்று ஒரு நம்பிக்கை. பல வருசம் அது சரியாகவும் வந்திருக்கிறது, அதனால்தான் ஆபத்து.

போன கார்த்திகையில் தேங்காய் நன்றாக மலிந்திருந்தது. தையில் பனி விழுந்து புல்லெல்லாம் கருகிப்போகும். அந்தக் காலத்துக்கு வேண்டிய தீவனத்தைச் சங்கம் முன்கூட்டியே மொத்தமாக வாங்குவது வழக்கம். பால் எடுக்கும் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். பொன்னையா எழுந்து, தேங்காய் இறங்கிவிட்டது, புண்ணாக்கும் இறங்கப் போகிறது, பொங்கல் கழித்து வாங்கலாம் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

ஐவி எழுந்தாள்.

"அண்ணே, தேங்கா ஏன் மலிஞ்சிச்சுன்னு யோசிச்சீங்களா? வெளிநாட்டு எண்ணெ மலிவா வந்து எறங்கியிருக்கு. எண்ணெ ஆலக்காரங்க தேங்கா வாங்குறத நிப்பாட்டிட்டாங்க. அதான் தேங்கா சும்மா கெடக்கு. ஆல ஆட்டாட்டி புண்ணாக்கு எங்கருந்துண்ணே வரும்?"

ஐவி விடவில்லை. சோயா தேசத்தில் மழை பொய்த்திருக்கிறது, டொலரும் ஏறிக்கொண்டிருக்கிறது, டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்குக் கோழி கேட்டு ஊரெல்லாம் நிற்கும், தீவன ஆலைக்காரர்கள் மறுபடியும் தேங்காய்ப் புண்ணாக்கின் மேல்தான் கை வைப்பார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். இப்போதே வாங்கச் சொன்னாள். யாரோ பின்னாலிருந்து, அவள் விற்கிறவள், வாங்கத்தானே சொல்வாள் என்றார்கள். அந்த ஒரு வார்த்தையில் கூட்டம் முடிந்தது. பொங்கலுக்குப் பிறகு பார்க்கலாம் என்று எல்லாரும் கலைந்து போனார்கள்.

ஐவிக்கு முகம் சிவந்துவிட்டது. விற்கிறவள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சிவப்பியைப் பறிகொடுத்தவளும் அவள்தானே? பனி விழுகிற மாசத்தில் தொழுவத்துக்குத் தொழுவம் மாடுகள் எலும்பும் தோலுமாக நிற்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சங்கம் வாங்காவிட்டால் போகட்டும், நான் வாங்கிப் போடுகிறேன் என்று முடிவெடுத்தாள். கடையில் இருந்த முதல் போதவில்லை. ஆசையாக வளர்த்த கிடாரியை விற்றாள். விலை இறங்கிவிட்டால் கடை போய்விடும், மறுபடியும் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குத்தான் போக வேண்டும். றோலண்ட் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "யோசிச்சியா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டார். யோசித்தேன் என்றாள். அதோடு சரி.

விலையை விடப் பெரிய பயம் இன்னொன்று இருந்தது. ராகலையின் ஈரத்தில் புண்ணாக்கை அடுக்கி வைத்தால் அது வியர்க்கும், பச்சையாகப் பூஞ்சணம் பூக்கும். அதைத் தின்றால் மாடு படுத்துவிடும். அதனால்தான் இந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் யாரும் நிறைய வாங்கி வைப்பதில்லை. ஐவிக்கு ஒரு இடம் தெரியும். தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். அவர்களுடைய ஸ்டோர் மூடிக் கிடக்கிறது, கொழுந்தெல்லாம் வேறு தோட்டத்துக்குப் போகிறது. ஆனால் கொழுந்து வாட்டுகிற மேல்மாடி அப்படியே நிற்கிறது. வரிசையாகத் தட்டுகள், இரண்டு பக்கமும் நீள நீளமாக மரச் சன்னல்கள். அவள் கலியாணம் ஆன புதிதில் அந்த மாடியில்தான் கொழுந்து பரத்தினாள். எந்த நேரத்தில் எந்தச் சன்னலைத் திறந்தால் காய்ந்த காற்று வரும், எதை மூடினால் பனிமூட்டம் உள்ளே வராது என்று அவளுக்குத் தெரியும். ஈரக் கொழுந்தையே வாட்டிய இடம் புண்ணாக்கைக் காப்பாற்றாதா? தோட்டத்தை நடத்துகிற தொரையிடம் கேட்டு வாடகைக்கு எடுத்தாள்.

லொறி வந்த அன்றைக்கு லயமே வேடிக்கை பார்த்தது. மூட்டைகளை மாடிக்கு ஏற்றித் தட்டுகளின் மேல் இடைவெளி விட்டு அடுக்கினார்கள். தினமும் வெயில் ஏறும்போது கிழக்கால சன்னல்களைத் திறக்க வேண்டும், மூட்டம் இறங்கும் முன்னால் மூட வேண்டும், வாரத்துக்கு ஒரு தடவை மூட்டைகளைப் புரட்டிப் போட வேண்டும். ஐவி கடையில் இருப்பாள், இதை யார் செய்வது? ராக்காயிதான். தோட்டத்தில் பேர் போடுகிற நாள்கூலி வேலையிலிருந்து நின்றுவிட்டவள், முட்டி வலிக்காரி. உனக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது, எனக்கும் சேர்த்துப் பிடித்திருக்கிறது என்று ஐவியைத் திட்டிக்கொண்டேதான் படி ஏறுவாள். ஆனால் ஒரு நாளும் ஏறாமல் இருந்ததில்லை.

முதலில் விலை இறங்கியது. ஆமாம், இறங்கித்தான் போனது. பொன்னையா கடைப் பக்கம் வந்து, குத்திக்காட்டாமல், பார்த்துக்கொள் தங்கச்சி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த இரக்கம்தான் ஐவிக்கு எரிச்சலாக இருந்தது. ஆண்டவரே என்று றொக்சனுக்குக் கோல் எடுத்தாள். பழைய சரக்கைக் கழித்துவிடுகிறார்கள் சின்னம்மா, ஆலைகளில் புதுசு ஒன்றும் விழவில்லை என்றான் அவன். ஐவி போனை வைத்துவிட்டு, ஒரு பிளேன்டீ ஊற்றிக் குடித்தாள். அதற்குப் பிறகு அவளுக்குப் பயமே வரவில்லை.

நத்தார் நெருங்கியது. கோழிக்கடைகளில் கூட்டம். ஆலைகளில் புண்ணாக்கு கிடைக்கவில்லை. விலை ஒரு வாரம் பார்த்தது போல் மறுவாரம் இல்லை. பொங்கல் வந்தபோது பனியும் வந்தது, காலையில் பார்த்தால் புல்வெளி வெள்ளையாகவும், வெயில் ஏறினால் கருப்பாகவும் கிடந்தது. புண்ணாக்கு நுவரெலியாவிலும் இல்லை, ராகலையில் மற்ற எந்தக் கடையிலும் இல்லை. ஸ்டோர் மாடியில் மட்டும் இருந்தது, மூக்கில் வைத்துப் பார்த்தால் நேற்று ஆட்டியது போல வாசனையோடு.

கடை முன்னால் வரிசை நின்றது. யார் எங்கே வாங்கினாலும் கேட்கிற கேள்வி வந்தது. பழைய விலைக்கு வாங்கிய சரக்கைப் புது விலைக்கு விற்கலாமா? ஐவி மழுப்பவில்லை. அடுத்த லொறியைப் புது விலை கொடுத்துத்தான் எடுக்க வேண்டும், பழைய விலைக்கு விற்றுத் தீர்த்தால் அடுத்த மாதம் இங்கே கதவு மட்டும்தான் இருக்கும் என்றாள். சந்தை விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். ராக்காயியின் முறை வந்தபோது மட்டும் பழைய விலையை வாங்கினாள். வரிசை முணுமுணுத்தது.

"அவ முட்டி வலியோட தெனம் மாடி ஏறி சன்னல் தொறந்தா. நீங்க கீழ நின்னு சிரிச்சீங்க," என்றாள் ஐவி.

பொன்னையாவும் வரிசையில் நின்றார். அவருடைய மாடு நிறைசினை. அவர் பேரம் பேசவில்லை, குறைத்துக் கொடு என்று கேட்கவுமில்லை. சொன்ன விலையைக் கொடுத்து, மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி ஏற்றத்தில் நடந்து போனார். கேட்டிருந்தால் குறைத்திருப்பாள். கேட்காமல் போனதுதான் அவளுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. செயித்தது சந்தோசமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு நல்ல மனுசனைத் தலைகுனிய வைத்துவிட்டோமே என்றும் இருந்தது.

மறுநாள் ராக்காயிக்குக் காய்ச்சல். ஐவி கடையை றோலண்டிடம் விட்டுவிட்டு ஸ்டோருக்கு ஓடினாள். படி ஏறி மாடிக்குப் போனால், கிழக்கால சன்னல்கள் எல்லாம் ஏற்கெனவே திறந்திருந்தன. உள்ளே பொன்னையா மேல்சட்டையைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு மூட்டையாகப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மேக்கால சன்னல நான் தொறக்கல தங்கச்சி. அங்கிட்டு மூட்டம் ஏறுது," என்றார், திரும்பிப் பார்க்காமலே.

ஐவி இன்னொரு முனையைப் பிடித்து மூட்டையைப் புரட்டினாள்.

"இந்த வேலைக்குக் கூலி இருக்குண்ணே. ராக்காயி வாங்குற வெலதான் இனிமே ஒங்களுக்கும்."

அவர் கடைசி மூட்டையையும் புரட்டிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். அப்புறம் கேட்டார்:

"பிரேசில்ல மழ பேஞ்சிருச்சா புள்ள?"

ஐவி இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்துப் பார்த்தாள்.

"இன்னும் இல்லண்ணே."

"அப்ப அடுத்த லொறிக்கு இப்பவே சொல்லிரு," என்றார் பொன்னையா. "இந்தத் தடவ சங்கம் வாங்கும்."