சுத்தமாக இருந்த ஓரம்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோலைத் தரம் பிரிப்பது என் வேலை. விரித்த தோலை விளக்கடியில் புரட்டிப் பார்ப்பேன். கீறல், உண்ணிக்கடி, ரத்தக்குழாய் ஓடிய தடம் எது தெரிந்தாலும் கீழ் கிரேடு. மழமழவென்று ஒன்றும் இல்லாமல் இருந்தால் மேல் கிரேடு. பன்னிரண்டு வருஷம் இதையே பார்த்தால் கண்ணுக்குத் திமிர் வந்துவிடும். எனக்கும் வந்திருந்தது.

என் மகன் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். கண்ணாடிப் பெட்டியில் ஆக்ஸிஜனோடு கிடந்து பிழைத்தவன். வீட்டுக்கு அனுப்பும் முன் கண்ணைப் பார்க்கவேண்டும் என்றார்கள் வேலூர் ஆஸ்பத்திரியில். இத்தனூண்டு கண்ணில் அப்படி என்னதான் பார்ப்பார்கள்? எனக்கு ஆவல் தாங்கவில்லை. சொட்டு மருந்து விட்டு, இமையைச் சின்னக் கம்பியால் விரித்து, உள்ளே படம் எடுத்தார்கள். அவன் வீறிட்டு அழுதான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம். ரத்தக்குழாய்கள் கிளை பிரிந்து வந்து பாதி வழியில் நின்றுவிட்டன. அதற்கப்புறம் ஓரம் வரை ஒரு தடம் கிடையாது. டாக்டரம்மா, "ஒரு வாரத்துல கண்டிப்பா திரும்ப வரணும்மா" என்றார். தலையாட்டிவிட்டு வெளியே வந்து கணவரிடம் தீர்ப்பே சொன்னேன்: "ஓரமெல்லாம் சுத்தமா இருக்குது. நடுவுலதான் குழாய் குழாயா தெரியுது. பயப்பட ஒண்ணுமில்ல."

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. பச்சைக் குழந்தையை பஸ்ஸில் எதற்கு அலைக்கழிக்கவேண்டும் என்று தள்ளிப்போட்டேன்.

"இன்னா, டாக்டர் வரச் சொன்னாங்களே?" என்று கணவர் கேட்டார்தான்.

"நான்தான் பார்த்தேன் இல்ல?" என்றேன்.

இரண்டு வாரம் கழித்துப் போனோம். டாக்டரம்மா புதுப் படம் எடுத்துப் பார்த்தார். அப்புறம் நான் பெருமையாகச் சொன்ன அந்தச் சுத்தமான ஓரத்தின்மேல் விரலை வைத்தார். "இங்கதாம்மா வியாதி. குறைமாசக் குழந்தைக்கு ரத்தக்குழாய் ஓரம் வரைக்கும் வளர்ந்திருக்காது. ரத்தம் கிடைக்காத இடம் ரத்தம் வேணும்னு ஆளனுப்பிக் கேட்டுக்கிட்டே இருக்கும். உடனே கண்டபடி புதுக்குழாய் முளைச்சு, விழித்திரையையே பிடிச்சு இழுத்துடும். விட்டா பார்வை போயிடும். நாளைக்கே லேசர் அடிக்கணும்."

அப்போதும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அதுக்கு லேசர் எங்க அடிப்பீங்க?"

"இந்த ஓரத்துலதான். அதைச் சுட்டுட்டா கேக்கறத நிறுத்திடும்."

"பசிக்குதுன்னு அழறவன் வாயை அடைக்கற மாதிரியா?"

"அப்படித்தான். ஓரத்துப் பார்வை கொஞ்சம் குறையலாம். நடுப்பார்வையைக் காப்பாத்திடலாம்."

"போன வாரமே வந்திருந்தா?"

"அப்பவும் லேசர் தேவைப்பட்டிருக்கும். இவ்வளவு ஜாஸ்தி சுட வேண்டியிருந்திருக்குமான்னு தெரியலம்மா."

அந்தத் 'தெரியல'தான் இன்னும் என்னை அறுக்கிறது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மறுநாள் காலை அவனை உள்ளே கொண்டுபோனார்கள். டாக்டரம்மா தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, கண்ணுக்குள் பொட்டுப் பொட்டாகச் சுடுவாராம். கதவுக்கு வெளியே உட்கார்ந்து, வலிக்குமா, உள்ளே வெளிச்சம் என்ன நிறத்தில் தெரியும் என்று வருகிற போகிற நர்ஸையெல்லாம் கேட்டுப் பேஜார் பண்ணினேன். கணவர் என்னை விட்டுத் தள்ளிப்போய் ஜன்னலோரம் நின்றுகொண்டார். அவர்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. என்மேல் இருந்த கோபம்தான் அது.

லேசர் பலித்தது. இப்போது அவனுக்கு நான்கு வயது. தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு எறும்பைக்கூட விடாமல் பார்க்கிறான். நான்தான் சும்மா இருப்பதில்லை. அவன் காதுக்குப் பின்னாலிருந்து என் விரலை மெல்ல முன்னால் கொண்டுவருவேன். எந்த இடத்தில் அவன் "தெரியுது" என்கிறான் என்று பார்ப்பேன். கன்னத்து எலும்பைத் தாண்டி வந்தால்தான் அவனுக்குத் தெரியும். அவனுக்கு அது விளையாட்டு.

போன ஞாயிற்றுக்கிழமை, "இப்ப நீ நேரா பாரும்மா" என்று என் காதுப் பக்கம் விரலைக் கொண்டுவந்தான். அந்தக் குட்டி விரல் எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

"தெரியுதா?"

"இன்னும் இல்லடா."

அவனுக்குத் தெரிகிற இடத்துக்கு விரல் வந்து சேரும்வரை, இல்லை இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.