கடைக்கு விலை போட வந்தவர்

நான் கடையை விட்டுப் போய்விட்டால், ஏரியில் இறால் பிடிக்கும் பெண்கள் அதை யாரிடம் கொடுப்பார்கள்? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

மகளை மீஞ்சூர்ப் பள்ளியில் சேர்ப்பதற்காக, டச்சுக் கல்லறைக்கு எதிரே உள்ள இறால் வாங்கி விற்கும் எங்கள் கடையை விற்க முடிவு செய்தோம். மதிப்பீட்டாளர் வந்தார். தராசு, ஐஸ் பெட்டி, வண்டி மூன்றுக்கும் ஒரு தொகை எழுதினார். மூன்று வருட லாபத்தை வைத்து, கடையின் வாடிக்கைக்கு என்று அதைவிடப் பெரிய தொகை எழுதினார். பிறகு, ஏரியில் கையால் இறால் தடவிப் பிடித்து வந்த ஓர் அக்காவிடம், "வேற ஆள் கடையை எடுத்தாலும் இங்கதான் தருவீங்களா?" என்று கேட்டார்.

"இன்னா சார் கேக்குற? இந்தப் பொண்ணு கால் கிலோன்னாலும் மொகம் சுளிக்காம வாங்கும். புது ஆளு மொறச்சான்னா, பக்கத்துக் கடை இன்னா தூரமா?"

மதிப்பீட்டாளர் அந்தப் பெரிய தொகையைப் பாதியாக்கினார். "மீதி மதிப்பு உங்ககிட்ட இருக்கும்மா. அது கடையோட போகாது."

அக்கா அன்று வராமல் இருந்திருக்கலாமோ என்று தோன்றியது. ஆனால் மதிப்பீட்டாளர் போட்ட கணக்கு சரி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் ஒரு வருடம் கடையில் இருந்தால் குறைக்காமல் முழு விலை தருவதாக, கடையை வாங்க வந்திருப்பவர் சொல்கிறார். ஜூனில் பள்ளி திறக்கிறது. மகளை மீஞ்சூரில் என் அம்மாவிடம் விட்டுவிட்டு நான் இங்கேயே இருக்கட்டுமா, குறைந்த விலைக்கு விற்று அவளோடு போகட்டுமா? நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள், எழுதுங்கள்.